தஞ்சோங் பகார் ஸ்டேஷன் சம்பல்: ஏன் அவ்வளவு எரிஞ்சுது, எங்க போச்சு?

இந்த எபிசோடைப் பசியோட கேக்காதீங்க. சாப்பிட்டுட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்.

2011 ஜூன். எனக்கு வயசு பதினாலு. கெப்பல் ரோட்டுல இருந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை இன்னும் ஒரு வாரத்துல மூடப் போறாங்கன்னு ஊரே கேமராவோட அங்க நிக்குது. எங்க அப்பாவுக்குக் கேமராவெல்லாம் கிடையாது. எதிர்ல இருந்த துறைமுகத்துலதான் அவருக்கு வேலை. ஷிப்ட் முடிஞ்சா, ரோட்டைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ரயில் ஏறினது ரொம்பக் குறைவு. அவருக்கு அது ஸ்டேஷனே இல்ல, சாப்பாட்டுக் கடை. அந்த வெள்ளிக்கிழமை, "வாடா, கடைசியா ஒரு தடவை சாப்பிட்டு வந்துடலாம்"னு என்னையும் கூட்டிட்டுப் போனார்.

பிளாட்பாரத்தை ஒட்டி பிளாஸ்டிக் மேசை நாற்காலி. மேல மெதுவா சுத்துற ஃபேன். மலாய்க் கடைகள், இந்திய முஸ்லிம் கடைகள். அப்பா நாசி லெமாக் ரெண்டு சொன்னார். நான் வீராப்பா சம்பலை மட்டும் ஒரு கரண்டி அள்ளி வாயில போட்டேன். முதல் ரெண்டு செகண்ட் இனிப்பு. இவ்வளவுதானான்னு நினைச்சேன். அப்புறம் நாக்குக்கு அடியில ஏதோ பத்திக்கிட்ட மாதிரி ஆரம்பிச்சு, காது வரைக்கும் போச்சு. ஐஸ் தண்ணி ஒரு கிளாஸ் முழுக்கக் குடிச்சேன். இன்னும் மோசம். கடைக்கார மக்சிக் சிரிச்சுக்கிட்டே, ஆயேர் கோசோங் வேணாம்னு தலையாட்டிட்டு, ஒரு கிளாஸ் பண்டோங் கொண்டு வந்து வெச்சாங்க. ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த அந்த இளஞ்சிவப்பு பானம். ஒரே நிமிஷத்துல அடங்கிடுச்சு.

அந்த மக்சிக் கெமிஸ்ட்ரி படிச்சிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். ஆனா அவங்க சொன்னது கெமிஸ்ட்ரிப்படி நூத்துக்கு நூறு சரி. ஏன்னு பார்ப்போம்.

காரம்ங்கிறது புளிப்பு, உப்பு மாதிரி ஒரு சுவை இல்ல. அது வலி. நம்ம வாய் நரம்புகள்ல டிஆர்பிவி1னு ஒரு சென்சார் இருக்கு. அதோட வேலை, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடு பட்டா, "சுடுது"ன்னு மூளைக்கு அலர்ட் அனுப்புறது. மிளகாயில இருக்கிற காப்சைசின் போய் அதே சென்சாரைத் தட்டி விடும். சூடே இல்ல, ஆனா அலர்ட் போகுது. மூளை பாவம், வியர்வை, கண்ணீர், மூக்குல தண்ணின்னு எல்லாத்தையும் திறந்து விடுது. புரொடக்‌ஷன்ல நடு ராத்திரி பொய் அலர்ட் வந்து எழுந்து ஓடினவங்களுக்கு இது நல்லாப் புரியும். டேவிட் ஜூலியஸோட குழு இந்தச் சென்சாரை 1997ல கண்டுபிடிச்சது. 2021 மருத்துவ நோபல் பரிசுல பாதி அவருக்கு வந்தது அதுக்காகத்தான்.

சம்பலுக்கு மேல சூடா தே தாரேக் குடிச்சா ஏன் உயிர் போகுது? காப்சைசின் பட்ட சென்சார், சாதாரணமா சும்மா இருக்கிற சூட்டுக்கே அலற ஆரம்பிச்சுடும். தண்ணி உதவாததுக்குக் காரணம், காப்சைசின் எண்ணெயில கரையும், தண்ணியில அவ்வளவா கரையாது. நீங்க குடிக்கிற தண்ணி அதை வாய் முழுக்கப் பரப்பி விடுது, அவ்வளவுதான். பால்ல கேசீன்னு ஒரு புரதம் இருக்கு. அது காப்சைசினைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும். சர்க்கரையும் எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும். பண்டோங்ல பாலும் இருக்கு, சர்க்கரையும் இருக்கு, ஐஸும் இருக்கு. நாசி லெமாக் சாதத்தைத் தேங்காய்ப் பால்ல வேக வைக்கிறதும், பக்கத்துல வெள்ளரிக்காய் வைக்கிறதும் அழகுக்கு மட்டும் இல்ல. அந்தத் தட்டுக்குள்ளேயே தீயணைப்பு வண்டியும் நிக்குது. நான்தான் சாதத்தைத் தொடாம சம்பலை மட்டும் தின்னேன்.

சரி, முதல்ல இனிச்சு அப்புறம் எரிஞ்சது ஏன்? அதுக்குச் சம்பல் எப்படிச் செய்றாங்கன்னு தெரியணும்.

காய்ஞ்ச மிளகாயை வெந்நீர்ல ஊற வெச்சு, சின்ன வெங்காயம், பூண்டு, பெலச்சான் சேர்த்து அரைக்கணும். பெலச்சான்னா பொடி இறாலை உப்புப் போட்டு, காய வெச்சு, புளிக்க விட்டுக் கட்டியா அழுத்தினது. அரைக்கிறதுக்கு முன்னாடி அதை வறுக்கணும். அந்த வாசனையை விவரிக்கத் தேவையில்ல. ஒரு கூட்டுரிமை வீட்டுல வறுத்தா காரிடார்ல மொத்தப் பேருக்கும் தெரியும். கருவாடு சமைக்கிற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அது ஊர் வாசனை, மத்தவங்களுக்குப் புகார் மனு. ஆனா இறால் புளிக்கும்போது அதோட புரதம் உடைஞ்சு குளுட்டமேட் வெளிய வருது. சம்பல்ல வெறும் எரிச்சல் இல்லாம ஒரு ஆழமான ருசி இருக்குதே, அது அங்கிருந்து வர்றது.

அரைச்ச விழுதை நிறைய எண்ணெயில, சின்னத் தீயில, கிளறிக்கிட்டே இருக்கணும். முதல்ல தண்ணியெல்லாம் வத்தும். பச்சை வாசனை போகும். அப்புறம் ஒரு கட்டத்துல சிவப்பா எண்ணெய் பிரிஞ்சு மேல வரும். மலாய்ல இதுக்கு "பெச்சா மிஞ்ஞாக்"னு பேர், எண்ணெய் உடையுதுன்னு அர்த்தம். நம்ம அம்மாக்கள் குழம்பு வைக்கும்போது "எண்ணெய் பிரிஞ்சு வரட்டும்"னு சொல்ற அதே கட்டம். அதுக்கு அப்புறம்தான் புளியும் சர்க்கரையும். சர்க்கரை எச்சில்ல உடனே கரையுது, அதனால இனிப்பு முதல்ல தெரியுது. காப்சைசினோ எண்ணெய்க்குள்ள உக்காந்திருக்கு. எண்ணெய் வாய்ல ஒட்டிக்கிட்டு மெதுவா விடுது. பச்சையா ஒரு சில்லி பாடியைக் கடிச்சா உடனே அறை விழும். சம்பல் அப்படி இல்ல, தோள்ல கை போட்டுப் பேசிட்டு அப்புறம் அறையும்.

ஒரு சின்ன சைடு டிராக். மிளகாய் இந்தப் பக்கத்துச் சரக்கே இல்ல. அமெரிக்கக் கண்டங்கள்ல இருந்து, 16ஆம் நூற்றாண்டுல போர்த்துகீசிய வணிகம் வழியா ஆசியாவுக்கு வந்தது. 1511ல அவங்க மலாக்காவைப் பிடிச்சாங்க. புதுசா வந்த காய்க்கு என்ன பேர் வைக்கிறது? தமிழ்ல ஏற்கெனவே இருந்த மிளகுப் பேரை எடுத்து மிளகாய்னு வெச்சோம். மலாய் உலகத்துலயும் அதேதான் நடந்தது. அவங்க மிளகாய்க்குச் சொல்ற "சாபாய்"ங்கிற பேர் முதல்ல திப்பிலி வகைக்கு இருந்த பேர். பழைய வேரியபிள் பேரையே ரெண்டு பேரும் ரீயூஸ் பண்ணிட்டோம்.

சரி, ஸ்டேஷனுக்குத் திரும்புவோம். அந்தக் கடைகள் அங்க இருந்ததே ஒரு விசித்திரம்.

1932 மே 2ஆம் தேதி திறந்த கட்டடம் அது. முகப்புல நாலு பெரிய பளிங்குச் சிலைகள், விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். அதுங்களோட எஃப், எம், எஸ், ஆர்னு எழுத்துகள், ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் ரயில்வேயோட சுருக்கம். 1965ல சிங்கப்பூர் தனி நாடாச்சு. ஆனா ஸ்டேஷனும் தண்டவாளம் போன நிலமும் மலேசிய ரயில்வே கையிலேயே இருந்தது. குத்தகை 999 வருஷம்! நாட்டைப் பிரிச்சப்போ இந்த ஒரு ஃபோல்டரோட பர்மிஷனை மட்டும் யாரும் மாத்தல.

1990ல ரெண்டு நாடும் ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. ஸ்டேஷனைக் காலி பண்ணணும், பதிலுக்குச் சில நிலங்களைச் சேர்ந்து மேம்படுத்தலாம்னு. அதுக்கு என்ன அர்த்தங்கிறதுலயே இருபது வருஷம் சண்டை. நடுவுல 1998ல சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாத்திடுச்சு, மலேசியா தஞ்சோங் பகார்லயே இருந்தது. விளைவு? நீங்க முதல்ல மலேசியாவுக்குள்ள நுழையுறீங்க, அப்புறம் ரயில் ஏறி, உட்லண்ட்ஸ்ல இறங்கி, சிங்கப்பூரை விட்டு வெளியேறுறீங்க. லாக் அவுட் ஆகுறதுக்கு முன்னாடியே அடுத்த அக்கவுண்ட்ல லாகின்.

இந்தச் சண்டைதான் அந்தச் சாப்பாட்டைக் காப்பாத்துச்சுங்கிறது என் கணிப்பு. சிங்கப்பூர்ல தெருவோரக் கடைகளை 1968ல இருந்து 1986க்குள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாத்திட்டாங்க. நல்லதுதான், தண்ணி, சுத்தம் எல்லாம் சரியாச்சு. நகரத்தோட மத்தியில இருந்த நிலமெல்லாம் உயரமா வளர்ந்துச்சு. ஆனா இந்த ஒரு துண்டு நிலத்துல யாரும் எதுவும் கட்ட முடியல, இடிக்க முடியல. தகராறு தீராத இடத்துல மக்சிக் அமைதியா சம்பல் கிளறிட்டு இருந்தாங்க. 2010 மே மாசம் ரெண்டு பிரதமர்களும் பேசித் தீர்த்தாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். 2011 ஜூன் 30 ராத்திரி ஜோகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிட்டுப் போனார். கடைகளும் போச்சு.

கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகல. மூடுறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சுட்டாங்க. சிலை, சுவர் ஓவியம் எல்லாம் பத்திரம். கீழே கேன்டன்மென்ட் எம்ஆர்டி நிலையம். 2020ல சிங்கப்பூரோட உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது, அதுவும் பெருமைதான். எங்க அப்பாவோட சம்பல் இந்த ரெண்டு பட்டியலுக்கும் நடுவுல இருந்த இடைவெளியில விழுந்துடுச்சு.

அப்பா ஓய்வு பெற்றாச்சு. வயித்துப் புண்ணால டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொல்லிட்டார். குறைக்கச் சொன்னார், நிறுத்தச் சொல்லலன்னு அப்பா அதுக்கு ஒரு விளக்கம் வெச்சிருக்கார். நான் இதுவரைக்கும் ஆறு தடவை அந்தச் சம்பலைச் செஞ்சு குடுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் வெச்சுட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இல்ல"ன்னு சொல்வார். ஆறாவது தடவை எதுல குறைன்னு வற்புறுத்திக் கேட்டேன். ரொம்ப யோசிச்சுட்டு, "சீக்கிரம் எரியுதுடா"ன்னார்.

அதுல ஒரு துப்பு இருக்கு. நான் இருபது நிமிஷத்துல அடுப்பை அணைச்சுடுறேன். எண்ணெய் முழுசா பிரியுறதுக்கு முன்னாடியே. பெரிய வாணலில, ஒரு மணி நேரத்துக்கு மேல கிளறினாத்தான் காரம் எண்ணெய்க்குள்ள முழுசா இறங்கும்போல. இந்த ஞாயித்துக்கிழமை ஏழாவது முயற்சி. அந்த ஸ்டேஷன் கடைகள்ல வேலை செஞ்சவங்க யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா, சம்பல் எவ்வளவு நேரம் கிளறுவாங்கன்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பெலச்சான் வறுக்கப் போறதைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். பண்டோங்குக்குப் பாலும் வாங்கி வெச்சாச்சு.