வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி (1806–1868)

சென்னையில் துணியும் அவுரியும் விற்றுச் செல்வம் சேர்த்த குடும்பம் இவருடையது. அந்தச் செல்வத்தின் பெரும்பகுதியை லட்சுமிநரசு செட்டி செலவிட்டது ஒரு பத்திரிகைக்கும், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசுக்கு எதிரான மனுக்களுக்கும்.

1844இல் ‘கிரசென்ட்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினார். சென்னை மாகாணத்தின் முதல் அரசியல் அமைப்பு அதுதான். வரிச்சுமை, நீதிமன்றங்களின் தாமதம், குடியானவர்களின் துயரம் எல்லாம் சங்கத்தின் மனுவாக லண்டன் பாராளுமன்றத்துக்குப் போயின.

அன்று நிலவரி பாக்கி வைத்தவரிடம் கீழ்நிலை ஊழியர்கள் ‘கிட்டி’ போட்டு வசூலித்தார்கள். ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் குடியானவரின் விரல்கள். மறுமுனையை இறுக்கினால் எலும்பு வரை நசுங்கும். 1853இல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் எம்.பி. டான்பி சீமோரை, இந்தக் கொடுமையைக் காட்ட லட்சுமிநரசு கிராமங்களுக்கே அழைத்துப் போனார். மேடைப் பேச்சுகளைவிட வலுவான செயல் இது. மறு ஆண்டு சீமோர் பாராளுமன்றத்தில் விவாதத்தைக் கிளப்ப, சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, கொடுமை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது.

எந்த பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து மனு எழுதினாரோ, அதே ஆட்சி அவருக்கு சி.எஸ்.ஐ. (ஸ்டார் ஆஃப் இந்தியா) பட்டம் தந்தது, 1863இல் சென்னை சட்டமன்றத்திலும் இடம் கொடுத்தது. இறக்கும்போது கையில் பெரிதாகப் பணமில்லை.