கடலுக்குப் புறப்படும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் செந்துறைப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "பிள்ளைங்க கடலப் பாக்கணுங்குது. அப்படியே நாகூர், வேளாங்கண்ணின்னு போயிட்டு வந்துடலாம். ஒரு வண்டி பேசுங்க மாமா." வண்டி பேசப் போகிறவர் கேட்பது மூன்றே கேள்விகள்: வாடகை எவ்வளவு, டீசல் யார் பொறுப்பு, டிரைவர் பேட்டா எவ்வளவு? நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை: வண்டியின் நம்பர் பிளேட் என்ன நிறம்?

வழி அருமையான வழிதான். ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை என்று போய் கொள்ளிடத்தைத் தாண்டி, மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாரில் கடலைத் தொடலாம். அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே இறங்கினால் டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையுள்ள தரங்கம்பாடி, பிறகு காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. இன்னும் அரை நாள் இருந்தால் வேதாரண்யம், கோடியக்கரை. இரண்டு நாளில் முடிந்துவிடும் பயணம். ஆனால் வழியில் ஏதாவது நடந்துவிட்டால், குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் வண்டி பேசிய அன்றே முடிவாகிவிடுகிறது.

மஞ்சளா, வெள்ளையா?

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக்கு ஓட உரிமம் பெற்ற வண்டி. நாம் 'டி போர்டு' என்கிறோம். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதுதான் 'ஓன் போர்டு'. நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குக் கொடுக்கும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும்.

ஓன் போர்டு வண்டி ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று பேசிவிடுகிறோம். அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியில், வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்ற நிபந்தனை இருக்கும். விபத்து நடந்து உள்ளே இருந்தவர்கள் இழப்பீடு கேட்கும்போது, நிறுவனம் அந்த வரியைக் காட்டிக் கைவிரிக்க மோட்டார் வாகனச் சட்டமே இடம் கொடுக்கிறது. பிறகு வண்டிக்காரர் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தால்தான் உண்டு. அவரிடம் பணம் இல்லையென்றால் கையில் தீர்ப்பு மட்டும்தான் மிஞ்சும்.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது, எஃப்சி எனப்படும் தகுதிச் சான்று முடிந்துவிட்டதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆர்சி புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால், அந்த எண்ணிக்கை வரைக்கும்தான் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொல்லிவிட்டது. 'சின்னப் பிள்ளைங்கதானே, மடியில் உட்கார்ந்துக்கும்' என்று நான்கு பேரைக் கூடுதலாக ஏற்றும்போது எல்லோருக்கும் சேர வேண்டிய இழப்பீட்டில் கை வைக்கிறோம்.

லோடு வண்டி வேண்டவே வேண்டாம்

காதுகுத்து, மொட்டை, வேண்டுதல் என்றால் உறவெல்லாம் சேர்ந்துவிடும். முப்பது பேருக்கு வேன் பேசக் கட்டுப்படியாகாது என்று குட்டி யானையிலோ மினி லாரியிலோ தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இழப்பீடு தர வேண்டிய கட்டாயம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை. ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைத் தெளிவாக்கியது. சரக்கோடு செல்லும் சரக்கின் சொந்தக்காரர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. மொட்டையடிக்கப் போகிற குடும்பத்துக்கு அது பொருந்தாது.

சொந்தக் காரிலும் ஒரு பள்ளம்

சொந்தக் கார்தானே என்று நிம்மதியாக இருப்பவர்களும் பாலிசியை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விலை குறைவு என்று 'தேர்ட் பார்ட்டி' மட்டும் போட்டிருந்தால், நம் கார் மோதி அடிபட்ட வெளியாளுக்கு இழப்பீடு உண்டு. காருக்குள் இருக்கும் மனைவி, பிள்ளை, அப்பா, அம்மாவுக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது. முழுப் பாதுகாப்பு தரும் 'பேக்கேஜ்' பாலிசியில்தான் உள்ளே இருப்பவர்களும் அடங்குவார்கள். இதை 2009-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கையாகவே சொன்னது; 2012-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக இருக்க வேண்டும். அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால்தான் அது கிடைக்கும்.

கடற்கரைச் சாலை நேராக, காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும், "தம்பி கொஞ்ச தூரம் ஓட்டட்டுமே" என்று பதினாறு வயதுப் பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கிற சித்தப்பாக்கள் கவனிக்க: 18 வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

டிரைவருக்கும் தூக்கம் வரும்

ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் விடியலில் பூம்புகாரில் சூரிய உதயம் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறோம். நாம் வண்டியில் தூங்கிக்கொண்டு போவோம். காலையில் கடலில் குளித்து, கோயில் பார்த்து, ராத்திரியே திரும்புவோம். டிரைவர் எப்போது தூங்குவார் என்று யாரும் யோசிப்பதில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961) நாளுக்கு 8 மணி நேர வேலை என்கிறது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி ஓய்வு தரச் சொல்கிறது.

நம் ஊர்ச் சாலைகளின் கதை நமக்கே தெரியும். அரியலூர் சுற்றுவட்டாரத்தில் சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி இருட்டில் கண்ணுக்குப் படும்போது பிரேக் போட நேரம் இருக்காது. வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள். இரவு தங்கும் இடத்தில் டிரைவருக்கும் ஒரு கட்டில் பேசுங்கள். பின்சீட்டில் இருப்பவரும் சீட் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

அடிபட்டால் முதல் மணி நேரம்

108-க்கு அழையுங்கள், 112-இல் போலீசுக்கும் சொல்லுங்கள். 'போலீஸ் கேஸ், முதலில் பணம் கட்டுங்கள்' என்று எந்த மருத்துவமனையும் உயிர் காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். குடும்ப அட்டையோ வருமானச் சான்றோ கேட்கமாட்டார்கள்.

இங்கேதான் நம் வழியில் ஒரு சிக்கல். நண்டலாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் காரைக்கால்; அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. வாஞ்சூர் தாண்டி நாகூர் வரும்போதுதான் மறுபடி தமிழ்நாடு. நடுவில் உள்ள அந்தத் துண்டில் அடிபட்டால் தமிழ்நாட்டுத் திட்டத்தை நம்பியிருக்க முடியாது. அங்கே 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தைக் கேளுங்கள்: இந்தியாவில் எந்தச் சாலையில் அடிபட்டாலும், பட்டியலிட்ட மருத்துவமனையில் 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. இதற்குப் போலீசுக்குத் தகவல் போயிருக்க வேண்டும்.

வாடகை வண்டியானால், காரைக்காலுக்குள் ஓட்டப் பெர்மிட் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். திரும்பும்போது, 'இங்கே மலிவு' என்று யாராவது பாட்டிலை வண்டியில் வைத்தால் இறக்கிவிடுங்கள். வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஒருவர் வைத்த பாட்டிலுக்காக வண்டியே பறிமுதலாகும். பிள்ளைகளோடு சாவடியில் நிற்க வேண்டிவரும்.

அடிபட்ட வேறு யாரையாவது நாம் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தால், பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. வழக்கிலும் சிக்கவைக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆகவே வண்டியை நிறுத்தத் தயங்காதீர்கள்.

வழக்கை அரியலூரிலேயே போடலாம்

விபத்து வேளாங்கண்ணியில் நடந்தால் நாகப்பட்டினத்துக்கு அலைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. இழப்பீடு கேட்பவர் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்; தாமதித்து வாதாடுவதைவிட அதுவே நல்லது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மோதிவிட்டு வண்டி நிற்காமல் போய்விட்டால் இறப்புக்கு 2 லட்சமும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே 'கேஸ் நான் பார்த்துக்கிறேன், இத்தனை சதவீதம் கொடுத்தால் போதும்' என்று வருகிறவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100-இல் கேளுங்கள், அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

ஏரி நீச்சல் கடலுக்கு ஆகாது

நம் மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் சிப்பிகளே சாட்சி. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கதை. இன்று நாம் நீச்சல் கற்பது கிணற்றிலும் ஏரியிலும். நிற்கிற தண்ணீரில் பழகிய கைகால்கள் இழுக்கிற தண்ணீருக்கு ஈடுகொடுக்காது.

அலைகள் உடையும் வரிசையில் நடுவே ஓரிடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். குளிக்கத் தோதான இடம் என்று அங்கே இறங்குவோம். கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப உள்ளே ஓடும் வழியே அதுதான். அது இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் களைத்துப்போவீர்கள். மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகுங்கள். ஒருவர் மூழ்குவதைப் பார்த்து மூன்று பேர் குதித்து நால்வரும் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. காலி தண்ணீர் கேன், கயிறு, முடிந்து கட்டிய புடவை என்று மிதப்பதையோ பிடிப்பதையோ முதலில் எறியுங்கள்.

காவிரி கடலில் சேரும் பூம்புகார் முகத்துவாரம் போன்ற இடங்களில் குளிக்கவே கூடாது. இறங்கும் முன் கரையில் வலை பிரிக்கிற மீனவரிடம், "இன்னைக்குக் கடல் எப்படிண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் கரையிலேயே இருந்துவிடுங்கள்.

படகு ஆசைக்கும் ஒரு வார்த்தை. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து இறந்தவர்களும் 22 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் வந்த வினை. பிச்சாவரம் போனால் அரசுப் படகுத்துறையில் சீட்டு வாங்கி ஏறுங்கள். எங்கே ஆனாலும் உயிர்க்காப்பு அங்கி கொடுக்காத படகில் கால் வைக்காதீர்கள். மீன்பிடிப் படகுக்காரரிடம் பணம் கொடுத்து, 'ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க' என்று வற்புறுத்தாதீர்கள்.

லாட்ஜில் ஏமாந்தால்

படத்தில் ஏசி அறை, நேரில் ஓட்டை ஜன்னல் என்றால் படம், ரசீது, பணம் அனுப்பிய பதிவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது அரியலூரிலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

காகிதத்தில் எழுதி வண்டியில் ஒட்டுங்கள்

ஆம்புலன்ஸ் 108. எல்லா அவசரத்துக்கும் 112. தேசிய நெடுஞ்சாலை உதவி 1033. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கடலோரக் காவல்படை 1554. குழந்தை காணாமல் போனால் 1098. சட்ட உதவி 15100. நுகர்வோர் 1915. கூட்டத்தில் தொலைந்துபோகக்கூடிய சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் அப்பா, அம்மா போன் நம்பரை எழுதி வையுங்கள்.

இந்த லீவுக்கு வண்டி பேசப் போகிறவரிடம் வீட்டில் இருக்கிற அம்மா, அக்கா யாராவது சொல்லி அனுப்புங்கள்: வாடகையைப் பேசுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து நம்பர் பிளேட்டைப் பார்க்கட்டும். மஞ்சளாக இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பார்க்கட்டும்.