ஓவியத்துக்கு அடகுக்கடை கிடையாது!

கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரம் கடைத்தெருவில் யோசனை கேட்டுப் பாருங்கள். "நகை எடுத்து வைங்க, இல்லன்னா ஒரு மனை வாங்கிப் போடுங்க" என்பார்கள். ஓவியம் வாங்கச் சொல்லி யாரும் யோசனை தர மாட்டார்கள்.

இத்தனைக்கும் உலகம் வியக்கும் ஓவியம் ஒன்று இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், மகுடம் சூடி, குடை நிழலில், ஒரு காலை மடித்துச் சாய்ந்தபடி சிவனின் ஆட்டத்தைப் பார்த்து நிற்கிறாள் உமை. ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துபோனார். பார்க்கிறவள் மட்டும் சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கிறாள். சுவரோடு சேர்ந்த ஓவியம் என்பதால் அதற்குச் சந்தை விலை இல்லை.

விலை போகிற ஓவியங்களின் கதை வேறு. பணக்காரர்களின் பணம் இப்போது அந்தப் பக்கம் பாய்கிறது. நம்மைப் போன்றவர்கள் அதை முதலீடாக நம்பலாமா?

1,400 ரூபாய், 118 கோடி

2025 மார்ச்சில் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஓவியர் எம்.எஃப்.உசேனின் 'கிராம யாத்திரை' 1.375 கோடி டாலருக்குப் போனது. நம் கணக்கில் சுமார் 118 கோடி ரூபாய். லியோன் வோலோடார்ஸ்கி என்ற மருத்துவர் 1954-ல் டெல்லியில் அதை வாங்கியபோது கொடுத்தது வெறும் 1,400 ரூபாய். 71 ஆண்டுகளுக்குக் கூட்டு வட்டி போட்டால் ஆண்டுக்குச் சுமார் 21 சதவீதம்! எந்த வங்கி தரும்?

ஆனால், வாங்கியவர் அதில் ஒரு பைசா பார்க்கவில்லை. ஓவியத்தை 1964-ல் ஆஸ்லோவிலுள்ள மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். வரைந்த உசேனும் 2011-லேயே காலமாகிவிட்டார்.

அதே 1954-ல் வேறு ஓவியர்களிடம் படம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் படங்கள் பரணில் கிடக்கின்றன, செய்தியில் வருவதில்லை. ஜெயித்த குதிரையை மட்டும் காட்டி, பந்தயமே லாபம் என்று சொல்ல முடியுமா? 1652 முதல் 1961 வரையிலான ஓவிய விற்பனைகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் பாமல், பணவீக்கம் போக ஆண்டு லாபம் சுமார் அரை சதவீதம்தான் என்று 1986-ல் எழுதினார்.

மல்லாட்டையும் ஓவியமும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை மூட்டையை இறக்கினால் அன்றைக்கே விலை தெரிந்துவிடும். நகையை நடு ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட அடகு வைக்கலாம். ஓவியத்துக்கு அன்றாட விலையும் இல்லை, அடகுக்கடையும் இல்லை. வேண்டும் என்கிற ஓர் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படியே விற்றாலும் ஏல நிறுவனத்தின் கமிஷன், மூலதன ஆதாய வரி எல்லாம் போகத்தான் மிச்சம்.

தஞ்சாவூர் ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சால் புடைப்பு எழுப்பி, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டுகிறார்கள். 'தங்கம் இருக்கே' என்று பலர் முதலீடாக நினைத்து வாங்குகிறார்கள். அந்தத் தாளோ மூச்சுக் காற்றில் பறக்கிற அளவு மெலிசு. சுரண்டினால் பெரிதாக ஒன்றும் தேறாது. நீங்கள் கொடுத்த காசு கைவேலைக்கு. திருப்பி விற்கப் போனால் அதற்கு அதே விலை கிடைப்பது அரிது.

ஓவியங்களை மொத்தமாக வாங்கி விற்று லாபத்தைப் பங்கிடும் திட்டமும் இங்கே வந்தது. ஓசியான்ஸ் நிறுவனம் 2006-ல் தொடங்கிய கலை நிதியில் 100 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. 2009-ல் முதிர்வு வந்தபோது பலருக்குப் பணம் உரிய நேரத்தில் கைக்கு வரவில்லை. பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறி, பணத்தைத் திருப்பித் தரும்படி 2013-ல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி உத்தரவிட்டது.

ஸ்ரீபுரந்தான் கற்பித்த பாடம்

பழம்பொருளில் ஆபத்து இன்னும் பெரிது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட சோழர் கால நடராஜரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. விற்ற கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் தரப்பு காட்டிய ஆவணங்கள் போலி. நம் பக்கத்துப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள், சிலை கோயிலுக்குரியது என்பதற்குச் சாட்சி சொல்லின. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார். நிபுணர்களை வைத்திருந்த அரசு நிறுவனத்துக்கே சிலை மிஞ்சவில்லை. நமக்கு?

இவ்வளவு ஏன், ஓவியர்களே தங்கள் ஓவியத்தை மட்டும் நம்பவில்லை. கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் சென்னைக் கலைஞர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அந்த ஊர் இருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று மனை என்ன விலை என்று சொல்லத் தேவையில்லை. 'மனை வாங்கிப் போடுங்க' என்கிற அனந்தபுரத்துக்காரர் ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல!

அதற்காக ஓவியமே வாங்காதீர்கள் என்று அர்த்தமில்லை. மகள் கல்யாணத்துக்கும் பையன் படிப்புக்கும் வைத்திருக்கும் பணத்தை மட்டும் அதில் போடாதீர்கள். தினம் பார்த்தாலும் சலிக்காத படமாக, ஓவியரிடமே நேரில், ரசீதும் கையெழுத்தும் பெற்று வாங்குங்கள். பழைய சிலை என்று யாராவது கொண்டுவந்தால், விலையைக் கேட்பதற்கு முன் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.