அழைப்பு உண்டு, ஆயத்தம் உண்டா?



தாராவியிலும், கோலிவாடாவிலும், பெங்களூரிலும், டெல்லியிலும் உள்ள நம்முடைய சபைகளில் வாலிபர் முகாம்கள் நடைபெறுகின்றன. கடைசி நாள் இரவில் தேவசெய்தியாளர் அழைப்பு விடுக்கிறார். கண்ணீரோடு கைகள் உயருகின்றன. "முழுநேர ஊழியத்திற்கு என்னை ஒப்புக்கொடுக்கிறேன்" என்று நம்முடைய பிள்ளைகள் முழங்காற்படியிடுகிறார்கள். பெற்றோரும் ஆமென் சொல்லுகிறார்கள்.

அதற்குப் பின்பு நடப்பது என்ன? சிலர் மூன்றே மாதத்தில் வாடகைக்கு ஓர் அறையைப் பிடித்து, தங்கள் பெயருக்கு முன்னால் 'பாஸ்டர்' என்று பலகை எழுதி மாட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் யாரிடம் கேட்பது, எங்கே போவது என்று தெரியாமல் தயங்கியிருந்து, இரண்டு வருடத்தில் அந்த வாஞ்சையே அவிந்துபோகக் காண்கிறார்கள். முந்தினவர் தம்மோடு ஒரு மந்தையையும் ஆபத்திற்குள் கொண்டுபோகிறார். பிந்தினவரால் ஒரு மந்தை மேய்ப்பனை இழக்கிறது. இவ்விரண்டிற்கும் நடுவே கர்த்தர் வைத்திருக்கிற பாதை ஒன்று உண்டு. அதன் பெயர் ஆயத்தம்.

அக்கினி விழுந்த வேதப்பள்ளி

"வேதாகமக் கல்லூரிக்குப் போனால் அபிஷேகம் போய்விடும்" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம்முடைய பெந்தெகொஸ்தே இயக்கத்தின் சரித்திரமோ வேறு விதமாகச் சாட்சியிடுகிறது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் டொப்பேகா என்னும் ஊரில் சார்லஸ் பர்ஹாம் 1900-இல் பெத்தேல் வேதப்பள்ளியைத் தொடங்கினார். பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைக் குறித்து அப்போஸ்தலருடைய நடபடிகளை மாணவர் ஆராய்ந்து கொண்டிருந்த நாட்களில், 1901 ஜனவரி முதல் தேதியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்னும் மாணவி அந்நியபாஷை பேசினார். வேதத்தைத் திறந்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள்மேல்தான் அந்த அக்கினி விழுந்தது.

1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், அதற்குச் சற்று முன்பு ஹூஸ்டன் நகரில் பர்ஹாமின் வேதப்பள்ளிக்குச் சென்றவர். அவர் கறுப்பின மனிதர் என்பதால், நிறப்பாகுபாடு நிலவிய அந்நாட்களில், வகுப்புக்குள் உட்கார அனுமதியில்லை. அறைக்கு வெளியே இருந்து, கதவின் வழியே வந்த பாடத்தைக் கேட்டார். அவமானத்தைச் சகித்தும் கற்றுக்கொள்ள வந்த அந்த மனிதரையே கர்த்தர் உலகெங்கும் பரவிய எழுப்புதலுக்குப் பாத்திரமாக எடுத்தார். நமக்கோ உள்ளே உட்கார நாற்காலி இருக்கிறது. நாம்தான் போக மனதில்லாதிருக்கிறோம்.

நம்முடைய தேசத்தில், 1927-இல் ஜான் பர்ஜெஸ் என்னும் மிஷனெரி கேரளத்தின் மாவேலிக்கரையில் பெத்தேல் வேதாகமப் பள்ளியை நிறுவினார். பின்னர் அது புனலூருக்கு மாற்றப்பட்டது. 1951-இல் பெங்களூரில் தென்னாசிய வேதாகமக் கல்லூரி தோன்றியது. கேரளத்தின் மணக்காலாவில் 1970-இல் தொடங்கப்பட்ட பெயித் இறையியல் கல்லூரி, பெந்தெகொஸ்தே நிறுவனமாயிருந்தும் செராம்பூரோடு இணைந்து பட்டக்கல்வி அளித்துவருகிறது. கற்பதை நம்முடைய முன்னோர்கள் அவிசுவாசம் என்று எண்ணவில்லை.

வேதம் காட்டும் வழி

"பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள்தானே?" என்று சிலர் அப்போஸ்தலர் 4:13-ஐக் காட்டுவார்கள். அந்த வசனத்தை முடிவுவரை வாசியுங்கள். அவர்கள் இயேசுவோடு கூட இருந்தவர்கள் என்பதை எதிரிகளே அறிந்துகொண்டார்கள். மூன்றரை வருடம் இரவும் பகலும் போதகரோடு நடந்து, கேட்டு, கேள்வி கேட்டு, அனுப்பப்பட்டு, திரும்பி வந்து கணக்கொப்புவித்த பயிற்சியைவிட மேலான வேதாகமக் கல்லூரி எது? எலிசாவும் அழைக்கப்பட்ட நாளிலேயே தீர்க்கதரிசியின் ஆசனத்தில் ஏறவில்லை. எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றே 2 இராஜாக்கள் 3:11 அவரை அடையாளம் காட்டுகிறது.

ஆனாலும், புலம்பெயர்ந்து வந்த நமக்கு மிக நெருக்கமான உதாரணம் அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் யார்? யூதர்கள் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டும் என்று கிலவுதியு பேரரசன் கட்டளையிட்டதால் பிழைப்பிடம் இழந்து கொரிந்துவுக்கு வந்த தம்பதியர். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பின்பு எபேசுவுக்கு இடம் மாறினார்கள். அங்கே அப்பொல்லோ வந்தார். அவர் பேச்சில் வல்லவர், வேதாகமத்தில் தேறினவர், ஆவியில் அனலுள்ளவர். நம்முடைய கூட்டங்களில் இப்படி ஒருவர் பிரசங்கித்தால் உடனே பெரிய மேடை கொடுத்துவிடுவோம். ஆனால் அவர் யோவான் ஸ்நானத்தை மாத்திரமே அறிந்திருந்தார். அவருடைய அனல் மெய்யானது, அறிவிலோ குறைவிருந்தது. அந்தத் தொழிலாளித் தம்பதியர் அவரைச் சபைநடுவில் வெட்கப்படுத்தாமல், தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்தார்கள். அப்பொல்லோவும் தாழ்மையாய்க் கற்றுக்கொண்டார். அதன்பின்பு அகாயாவின் சபைகளுக்கு அவர் பெரிய உதவியாயிருந்தார்.

அனல் வேண்டும், திட்டமான அறிவும் வேண்டும், ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொள்ளும் தாழ்மையும் வேண்டும். புதிதாய் விசுவாசத்திற்குள் வந்தவனைக் கண்காணியாக்கலாகாது என்று பவுல் தீமோத்தேயுவை எச்சரித்ததும் (1 தீமோ. 3:6) இதனால்தான். பெருமை அவனை விழுத்திவிடும்.

நம்முடைய மண்ணில்

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பத்தே வருடத்தில், 1716-இல், உள்நாட்டு ஊழியர்களை ஆயத்தப்படுத்த ஒரு பயிற்சிப்பள்ளியைத் தொடங்கினார். அந்த மிஷனில் வளர்ந்த ஆரோன் 1733-இல் குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் புரொட்டஸ்டண்ட் போதகரானார். அந்தப் போதகர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமையல்ல, பொறுப்பு.

வில்லியம் கேரியும் அவருடைய உடன் ஊழியர்களான மார்ஷ்மனும் வார்டும் 1818-இல் செராம்பூர் கல்லூரியை நிறுவினார்கள். டென்மார்க் அரசன் ஆறாம் பிரெடெரிக் 1827-இல் அதற்குப் பட்டமளிக்கும் அதிகாரத்தை வழங்கினார். 1918-ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. இன்றும் நாடெங்கும் பல இறையியல் கல்லூரிகள் செராம்பூர் செனட்டோடு இணைந்துள்ளன. 1969-இல் தோன்றிய மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே கற்பிக்கிறது. மும்பை வாசகர்களுக்கு அருகிலுள்ள யூனியன் பிப்ளிக்கல் செமினரி, 1983-இல் யவத்மாலிலிருந்து புனேவுக்கு மாறியது.

கல்லூரி ஒன்றே வழியல்ல. பெந்தெகொஸ்தே மிஷன் சபையார் ஊழியர்களைக் கல்லூரிக்கு அனுப்புவதில்லை. விசுவாச வீடுகளில் மூத்த ஊழியர்களோடு தங்கவைத்து, ஜெபத்திலும் கீழ்ப்படிதலிலும் பழக்குகிறார்கள். முறை வேறாயிருக்கலாம். பயிற்சியே இல்லாமல் அவர்களும் ஒருவரை அனுப்புவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

பட்டணத்துச் சபைக்கு எப்படிப்பட்ட ஊழியன் தேவை?

வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, உபதேசம், சபைச் சரித்திரம், பிரசங்கக்கலை, ஆலோசனை ஊழியம், பிற சமயங்கள் ஆகியவை பாடங்கள். மேற்படிப்பில் எபிரெயமும் கிரேக்கமும் உண்டு. வார இறுதியில் சபைகளுக்கு அனுப்பி ஊழியம் செய்யவும் பழக்குவார்கள். "சபைச் சரித்திரம் எதற்கு?" என்று கேட்கலாம். கிறிஸ்து சிருஷ்டிக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவின் உபதேசத்தை 325-இல் நிசேயா சங்கம் தள்ளியது. அதே உபதேசம் இன்று புதிய சட்டை அணிந்து நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. சரித்திரம் அறிந்த போதகர் அதை உடனே அடையாளம் காண்பார்.

இவற்றோடு, நம்முடைய சூழ்நிலைக்கென்று சில காரியங்கள் தேவைப்படுகின்றன.

முதலாவது, மொழி. நம்முடைய பிள்ளைகளில் அநேகர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தமிழ் வேதாகமத்தை வாசிக்க அறியார்கள். இந்தியிலோ, மராத்தியிலோ, கன்னடத்திலோ, ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். தமிழ் மட்டுமே அறிந்த போதகர் தாய் தகப்பனை மேய்ப்பார். பிள்ளைகளோ பின்வரிசையில் அமர்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் சபையில் யார் இருப்பார்கள்? ஊழியத்திற்கு ஆயத்தமாகிற வாலிபன் தான் வாழும் மாநிலத்தின் மொழியை வேதபாடத்திற்கு இணையாகக் கற்கட்டும்.

இரண்டாவது, தேசத்தின் சட்டம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பிஷப்பிடம் குருப்பட்டம் பெற்றோர் போன்ற சிலருக்கே நேரடியாகத் திருமணம் நடத்தும் அதிகாரத்தைத் தருகிறது. சுயாதீன சபைப் போதகர் அரசாங்கத்தின் உரிமம் பெறவேண்டும். அதிகாரமின்றி நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். பின்னாளில் கடவுச்சீட்டிற்கோ சொத்திற்கோ சான்றிதழ் கேட்கப்படும்போது கண்ணீர் வடிப்பது நம்முடைய சகோதரிகளே. அவ்வாறே, ஞாயிறு பள்ளி நடத்துகிறவர் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தையும், பிள்ளைகளைப் பாதுகாக்கும் ஒழுங்குகளையும் அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, கணக்கு. காணிக்கைக்கு ரசீது, வரவு செலவுப் புத்தகம், தணிக்கை ஆகியவை ஆவிக்குரிய காரியங்களே. பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைத் தனியே சுமக்கவில்லை; மனுஷருக்கு முன்பாகவும் குற்றமில்லாதிருக்கும்படி சகோதரர்களைக் கூட அழைத்துச் சென்றார் (2 கொரி. 8:19-21).

சேருமுன் விசாரியுங்கள்

பெற்றோரே, பொறியியல் கல்லூரிக்கு எத்தனை விசாரிக்கிறீர்கள்! இதற்கும் விசாரியுங்கள். கல்லூரியின் உபதேசம் என்ன? ஆசிரியர்கள் யார்? விடுதி எப்படி? நூலகம் உண்டா? கட்டணம் எவ்வளவு? கல்லூரி எதனோடு இணைக்கப்பட்டது: செராம்பூர் செனட்டோடா, 1970-இல் தொடங்கிய ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரமா, இரண்டும் இல்லையா?

நம் நாட்டில் சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை எவருக்கு என்பதை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம் வரையறுத்துள்ளது. அதற்கு வெளியே உள்ள பள்ளிகள் யாவும் பயனற்றவை என்று பொருளல்ல. ஊழியத்திற்கு நல்ல பயிற்சி தருகிற சிறிய வேதப்பள்ளிகள் அநேகம். அவற்றின் சான்றிதழை வைத்து அரசாங்க வேலைக்கோ, பல்கலைக்கழக மேற்படிப்பிற்கோ போகலாம் என்று எண்ணி ஏமாறாதிருங்கள். பணம் கட்டினால் தபாலில் வருகிற 'டாக்டர்' பட்டங்களைக் குறித்தோ, விலகி ஓடுங்கள். சத்தியத்தைப் பிரசங்கிக்கிறவர் தம்முடைய பெயரின் முன்னாலேயே பொய்யை வைக்கலாமா?

வேலையை விடமுடியாதவர்களுக்கு

குடும்பத்தின் ஒரே சம்பாத்தியம் உங்களுடையதா? தன் வீட்டாரை விசாரியாதவனைக் குறித்து 1 தீமோத்தேயு 5:8 கடுமையாய்ப் பேசுகிறது. வீட்டைப் பட்டினி போட்டுவிட்டு ஓடவேண்டாம்.

1963-இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில், கல்லூரிக்கு வரமுடியாத கிராமத்துச் சபைத் தலைவர்களிடம் கல்லூரியே புறப்பட்டுப் போகும் முறை உருவாயிற்று. மாணவர் தம் வீட்டிலேயே தினமும் பாடநூலைப் படிக்கிறார். வாரம் ஒருமுறை ஆசிரியரோடு கூடிக் கலந்துரையாடுகிறார். கற்றதை அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் பயன்படுத்துகிறார். இம்முறையை நம் நாட்டில் நடத்துவதற்காக 1971-இல் பெங்களூரில் டாஃப்டீ அமைப்பு தொடங்கியது. ஆலையில் ஷிப்டு வேலை செய்கிறவரும், அலுவலகம் போகிற சகோதரியும், ஓய்வுபெற்ற மூப்பரும் இவ்வழியில் கற்கலாம். ஆக்கில்லாவைப்போலக் கையில் தொழிலும் வாயில் வசனமும் உள்ளவர்கள் நம்முடைய குடியிருப்புகளுக்கு மிகவும் தேவை.

சபையே, உன் பங்கு என்ன?

வெளிநாட்டு உதவியைக் கொண்டு இலவசமாய்க் கற்பித்த காலம் கடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபின், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முடியாது. ஆகவே நம்முடைய பிள்ளைகளை நாமே படிக்கவைக்கவேண்டும். ஐம்பது குடும்பங்களுள்ள சபையில் ஒவ்வொரு குடும்பமும் மாதம் நூறு ரூபாய் பிரித்துவைத்தால் ஐயாயிரம் ரூபாய் ஆகிறது. ஒரு மாணவனைத் தாங்க அது நல்ல தொடக்கமல்லவா?

அனுப்புமுன் சோதித்துப் பாருங்கள். இரண்டு வருடம் ஞாயிறு பள்ளியில் உண்மையாயிருக்கிறானா? பாயை விரிக்கவும் நாற்காலியை அடுக்கவும் மனமுண்டா? வீட்டில் தாயிடம் எப்படிப் பேசுகிறான்? மேடையில் தெரியாதவை அங்கே தெரியும்.

மகள்களையும் மறவாதிருங்கள். புனேக்கு அருகே கேட்காவில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் 1905-இல் எழுப்புதல் உண்டானபோது, பெண்களே ஜெபத்தில் தரித்திருந்து சுவிசேஷத்தோடு கிராமங்களுக்குச் சென்றார்கள். பிரிஸ்கில்லாளின் ஸ்தானம் இன்னும் காலியாயிருக்கிறது.

உடன் ஊழியரான போதகர்களே, படித்துவரும் வாலிபன் நம்முடைய இடத்தைப் பிடித்துக்கொள்வான் என்று அஞ்சவேண்டாம். பர்னபா தர்சுவுக்குத் தேடிப்போய்ச் சவுலை அழைத்துவந்தார். ஒரு வருடம் இருவரும் சேர்ந்து அந்தியோகியாவில் போதித்தார்கள். அந்தச் சபையிலேதான் சீஷர்களுக்கு முதல்முதல் கிறிஸ்தவர்கள் என்னும் பெயர் வழங்கிற்று.

பிரியமானவர்களே, இந்த மாதம் உங்கள் குடும்ப ஜெபத்தில் ஒரு பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்: உங்கள் பிள்ளையோ, அடுத்த வீட்டு வாலிபனோ, ஊழியத்தை வாஞ்சிக்கிற ஒரு சகோதரியோ. பின்பு போதகரிடத்தில் அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். அறுப்பின் எஜமான் தாமே தமது வேலையாட்களை எழுப்பி, ஆயத்தப்படுத்தி, ஏற்ற காலத்தில் அனுப்புவாராக. ஆமென். மாரநாதா!