வெயிலில் வேலை பார்ப்பவர்களே உஷார்! தண்ணி குடிக்கலைன்னா கிட்னிக்கு ஆபத்து

மதுரை,
மதுரை ஆனையூர் சுற்றுவட்டாரத்தில் கொத்தனார், சித்தாள், லோடுமேன் வேலைக்கு போகிறவர்கள் ஏராளம். கோடையில் வெயில் 100 டிகிரியை தாண்டி கொளுத்தும். வேலை மும்முரத்தில் தண்ணி குடிக்க மறப்பவர்கள் ஒருபக்கம். தண்ணி குடிச்சா ஒதுங்க இடம் இல்லையே என்று தாகத்தை அடக்கும் பெண்கள் மறுபக்கம். இதில் அடிபடுவது கிட்னிதான்.

உடம்புக்குள் வடிகட்டி

முதுகெலும்பின் இருபுறமும் கைமுஷ்டி அளவில் 2 சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். தினமும் ரத்தத்தில் இருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, 99 சதவீதத்தை உடம்புக்கே திருப்பி அனுப்புகின்றன. கழிவோடு மிஞ்சும் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்.

கல் எப்படி வருது?

தண்ணி குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, உப்பு படிந்து கல் ஆகும். விலாவில் கிளம்பும் வலி அடிவயிறு வரை சுண்டி இழுக்கும். அடக்கி வைத்தால் கிருமி தொற்றி எரிச்சல், காய்ச்சல் வரும். உடம்பு வலிக்கு தினமும் வலி மாத்திரை போடுவதும் கிட்னியை கெடுக்கும்.

சத்தமில்லாமல் கெடும்

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆனால் தமிழக விவசாய தொழிலாளர்கள் பற்றி 2025-ல் வெளியான ஆய்வில், கிட்னி பாதித்தவர்களில் ஏறக்குறைய பாதி பேருக்கு இந்த இரண்டுமே இல்லை. வெயிலில் உழைப்பதே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது.

கால், முகம் வீக்கம், சிறுநீரில் நுரை, ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின் பரிசோதனை இரண்டும் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம். முற்றிவிட்டால் டயாலிசிஸ்தான், வேலையும் போய் கூலியும் போய்விடும்.

நாளைக்கு வேலைக்கு கிளம்பும்போது தூக்குவாளியோடு தண்ணி பாட்டிலையும் மறக்காதீங்க!