அழகர்மலைப் பொன்

அழகர்கோவில் என்றதும் பொன் நினைவுக்கு வருவது நம்மவர்க்கு இயல்பு. உற்சவ மூர்த்தியின் திருமேனி அபரஞ்சிப் பொன்னாலானது, நூபுர கங்கைத் தீர்த்தத்தாலன்றி அதற்குத் திருமஞ்சனம் இல்லை என்பது தொன்றுதொட்ட ஐதீகம். இடிந்து நிற்கும் கோட்டை மதில்களைப் பார்ப்போர்க்கு, மண்ணுக்கடியில் இன்னும் எவ்வளவு புதைந்து கிடக்கிறதோ என்ற எண்ணமும் எழும். முன்பு மை போட்டுப் பார்ப்பவனை நாடிய அந்த ஆசை, இன்று உலோகங் கண்டறியும் கருவியை நாடுகிறது.

கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட, கிரஹாம் பெல் இத்தகைய கருவியைப் பிரயோகித்தார், குண்டு அகப்படவில்லை. 1942-ல் எல் அலமீன் போர்க்களத்தில் கண்ணிவெடிகளைக் கண்டு விலக்க இதுவே உதவிற்று. உயிர் காக்கப் பிறந்த கருவி இது. அதன் கம்பிச் சுருளில் மாறி மாறிப் பாயும் மின்சாரம் காந்த சக்தியை எழுப்புகிறது. அது மண்ணிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, கருவி சப்தமிடுகிறது. ஆனால் காசளவான பொருளைச் சாதாரணக் கருவி ஏறத்தாழ ஓரடி ஆழம் வரைதான் உணரும். தங்க மோதிரத்தையும் அலுமினியத் துண்டையும் பிரித்தறிய அது பெரும்பாலும் தடுமாறும். சப்தம் கேட்ட இடமெல்லாம் கடப்பாரை விழுமாயின் விளைவது என்ன?

மண்ணின் ஒவ்வோர் அடுக்கும் ஒரு சரித்திர ஏடு. எந்த அடுக்கில், எந்தப் பானையோட்டின் அருகில் கிடந்தது என்று தெரிந்தால்தான் ஒரு காசு பேசும். பிடுங்கி எடுத்த காசு வெறும் எடை. கீழடியில் 2015 முதல் அங்குலம் அங்குலமாக அகழ்ந்ததால்தான், அங்கு கிடைத்த பொன்னணித் துண்டுகள் பண்டைத் தமிழரின் நகர வாழ்வுக்குச் சாட்சியாயின. அழகர்மலையிலும் ஒரு சாட்சி உண்டு. கிடாரிப்பட்டியை அடுத்த குகையில், ஏறக்குறைய 2,000 ஆண்டுகட்கு முந்திய தமிழ்பிராமி எழுத்துக்கள் மதுரைப் பொற்கொல்லன் ஒருவன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. உப்பு வணிகன், அறுவை வணிகன் பெயர்களும் உடனிருக்கின்றன. அக்கொல்லன் உருக்கிய பொன் போன இடம் தெரியாது. இருந்த இடத்திலேயே இருப்பதால் எழுத்து நிலைத்தது.

உலோகமாக மட்டும் பார்ப்பவரை இம்மலைச் சீமை முன்னரும் கண்டதுண்டு. 1755-ல் கும்பினிப் படையுடன் வந்த கர்னல் ஹெரான், அழகர்மலைக்குத் தெற்கேயுள்ள திருமோகூர்க் கோவிலைக் கொள்ளையிட்டான். அவன் சிப்பாய்கள் திருமேனிகளை மூட்டை கட்டினர். படை திரும்புகையில் நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டார் பாய்ந்து தம் தெய்வங்களை மீட்டனர். ஹெரான் பின்னர் ராணுவ விசாரணைக்குள்ளாகிப் பதவியிழந்தான். அவன் விலை பேசினான்; அவர்கள் உரிமை கோரினர். இரவில் கருவியும் கடப்பாரையுமாக வயலுக்குள் நுழைபவன் யார் பக்கம் நிற்கிறான்?

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்பது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். மறைத்தால் பங்கு பறிபோவதுடன் ஓராண்டு வரை சிறையும் நேரலாம். சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ஏர் முனையில் தட்டுப்பட்டதை நேர்மையாக ஒப்படைத்த குடியானவன், தன் பங்குக்காகக் கச்சேரி வாசலில் வருஷக் கணக்காகக் காத்துக் கிடக்கும்படி விட்டால், அடுத்தவன் தட்டானைத் தேடித்தான் போவான். வெகுமதி காலத்தில் கிடைக்க வேண்டும். கண்ட பொருள் ஜில்லாக் காட்சிசாலையில் கண்டெடுத்தவன் ஊர்ப்பெயருடன் விளங்க வேண்டும்.

கிராமந்தோறும் உழைக்கும் நம் தொண்டர்கள் இவ்விஷயத்தை ஜனங்களிடம் எடுத்துரைப்பார்களாக. மண்ணுக்கடியில் கிடப்பது எவனோ மறந்து வைத்த பணமன்று, நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற முறி. அதைக் கிழித்துக் காசாக்குகிறவன் தன் வீட்டிலேயே திருடுகிறவன்.