தேம்ஸ் நதியில் நீர்யானை குளித்த காலம்

இங்கிலாந்தின் தலைநகரான லண்டனின் நடுப்பகுதியில் ட்ரவல்கர் சதுக்கம் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் அங்கு கட்டிட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது நீர்யானை, யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்புகள் வெளிவந்தன. பனி கொட்டும் நாட்டுக்கு நீர்யானை எப்படி வந்தது? ஒருவரும் கொண்டுவந்து விடவில்லை. அன்று அந்த நிலம் அதற்கு ஏற்ற நிலமாக இருந்தது.

அது ஏறத்தாழ 130,000 வருடங்களுக்கு முன் தொடங்கி, 115,000 வருடங்களுக்கு முன் முடிந்த வெப்பகாலம். இரு பனிக்காலங்களுக்கு இடையே வந்தது. பூமியின் சாய்வும் அது சூரியனைச் சுற்றும் பாதையும் மெல்ல மெல்ல மாறியதால் வடபாதியின் கோடையில் வெயில் கூடியது. துருவப் பனி உருகியது. கடல் இன்றைய மட்டத்திலும் பார்க்க 6 முதல் 9 மீற்றர் வரை உயர்ந்து நின்றது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள் நியண்டர்தால் மனிதர். ஜேர்மனியின் லேரிங்கன் என்ற இடத்தில் 1948இல் ஒரு யானையின் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் விலா எலும்புகளுக்கிடையே 2.4 மீற்றர் நீளமான மர ஈட்டி இருந்தது. அதே நாட்டில் ஹாலே நகருக்கு அருகே, நொய்மார்க்-நோர்ட் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், பழைய ஏரிக்கரையில் 70க்கு மேற்பட்ட யானைகளின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் கற்கத்தி வெட்டிய தழும்புகள் இருப்பதை ஆய்வாளர்கள் 2023இல் எடுத்துக்காட்டினார்கள். பத்துத் தொன் நிறையுள்ள ஒரு யானையின் இறைச்சி, 100 பேருக்கு 25 நாட்களுக்குக் காணும். இதைத் தனியொரு குடும்பம் வீழ்த்தி உண்ண முடியாது. ஒன்றில் பலர் ஒன்றுகூடிப் பகிர்ந்திருக்க வேண்டும். அல்லது இறைச்சியைப் பழுதாகாமல் வைக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் அந்த ஏரிச் சேற்றில் இருந்தது. சுற்றுப்புறமெல்லாம் அடர்காடாக இருக்க, அந்த ஏரிக்கரை மட்டும் ஏறத்தாழ 2,000 வருடங்கள் வெட்டையாகக் கிடந்ததை மகரந்தத் தூளும் கரித்துகளும் காட்டுகின்றன. அவர்கள் மூட்டிய நெருப்பும், விறகு வெட்டும், நடமாட்டமும் அதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. மனிதர் பயிர் செய்யத் தொடங்கி ஏறத்தாழ 11,000 வருடங்களே ஆகின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே மனிதரின் கை நிலத்தில் பட்டிருக்கிறது.

பின்பு குளிர் திரும்பியது. தேம்ஸ் நதியில் நீர்யானை அற்றுப்போனது. காடுகள் தெற்கே ஒதுங்கின. வேட்டையை நம்பி வாழ்ந்த மனிதரும் இடம் மாறினர். அவர்களுக்கு எல்லைக்கோடும் இல்லை, காணி உறுதியும் இல்லை.

இன்று நிலைமை வேறு. அந்த வெப்பகாலத்தில் காற்றில் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றம் எரிபொருளை எரித்தும் காட்டை அழித்தும் மனிதரால் இருநூறு வருடங்களுக்குள் வந்தது. சராசரி வெப்பம் ஏறத்தாழ ஒரு பாகை கூடிய காலத்திலேயே கடல் அவ்வளவு உயர்ந்தது என்பதை மறக்கலாகாது. அந்த உயர்வு ஒரே நாளில் வருவதில்லை. பல நூற்றாண்டுகள் எடுக்கும். ஆனால் உப்பு ஏறிய கிணற்றையும் வயலையும் விட்டு எழும்ப வேண்டியவர்கள், கரையோரத்து எளிய மக்களே. வேட்டைக்காரன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கமக்காரன் தன் வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இடம்பெயர்ந்தவர்களுக்கு இதை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.